அட்டையைக் கத்தரிக்க வேண்டாம்!

பழைய இதழ்கள்: வாசகர் கேள்வி பதில்

(மலேசியாவின் பினாங்கு ஜார்ஜ்டவுனில் நெடுங்காலம் புத்தகக் கட்டுத் தொழில் செய்து ஓய்வுபெற்றவர், பழைய தமிழ் இதழ்களைச் சேர்த்துவருபவர், இந்த மாதக் கடிதங்களுக்குப் பதில் சொல்கிறார்.)

ஐயா, அப்பா காலமான பிறகு வீட்டை ஒழித்தோம். கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி நிறைய ஆனந்த விகடன், கல்கி, குமுதம், தீபாவளி மலர்கள். உள்தாளெல்லாம் பழுப்பேறி ஓரம் உதிர்கிறது. அட்டைப்படங்கள் மட்டும் இன்னும் பளிச்சென்று இருக்கின்றன. அட்டைகளைக் கத்தரித்துச் சட்டம் போட்டு மாட்டலாம் என்கிறாள் மகள். மீதியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாமா?
– வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

அம்மா, உங்கள் அப்பா அத்தனை வருடம் பத்திரப்படுத்திய பெட்டி அது. அதற்குள் கத்தரிக்கோல் போக வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

அட்டையை மட்டும் தனியே எடுத்துவிட்டால் அது ஊர் பேர் தெரியாத படமாகிவிடும். எந்த வாரத்து இதழ், எந்தத் தொடர் ஓடிக்கொண்டிருந்த சமயம், அந்தப் படம் எதைச் சொல்ல வந்தது என்பதெல்லாம் உள்ளேதான் இருக்கிறது. படத்தைப் பற்றிய குறிப்பைச் சில இதழ்கள் உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டிருக்கும். அதைப் பேப்பர்காரரிடம் போட்டுவிட்டு அட்டையை மாட்டிவைத்தால், உங்கள் பேரப்பிள்ளை நாளைக்கு 'இது என்ன படம், பாட்டி?' என்று கேட்கும்போது சொல்ல எதுவும் இருக்காது.

முழு இதழ் அபூர்வமாகிப் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் காலத்தில் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்து எடுத்துச் சேர்த்துக் கட்டி வைப்பார்கள். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்தது. அதை வாரம் தவறாமல் சேர்த்து, ஐந்து பாகத்தையும் காலிகோ துணி போட்டுக் கட்டி வைத்திருந்த வீடுகள் இந்த ஊரில் நிறைய. கதை தங்கியது. அட்டையும் விளம்பரமும் வாசகர் கடிதமும் குப்பைக்குப் போயின. கட்டுக்கடைகளில் எல்லாம் அதுதான் வழக்கம். அதனால் தொடர் கட்டு வேண்டுமானால் இன்றைக்கும் தேடினால் கிடைக்கும். அட்டையும் உள்ளுமாக ஒரு முழுக் கல்கி கிடைப்பது அதைவிடக் கஷ்டம். உங்களிடம் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது!

இதை எழுதும்போது என் மேசையில் ஐம்பதுகளின் கல்கி ஒன்று இருக்கிறது. அட்டையின் மேல் ஓரத்தில் கடைக்காரரின் ஊதா நிற ரப்பர் முத்திரை. வலது மூலையில் பென்சிலில் ஒரு வீட்டு எண். சைக்கிளில் இதழ் போடும் பையன் எந்த வீட்டுக்கு என்று மறக்காமல் இருக்க எழுதியது. பின்னட்டையில் சோப்பு விளம்பரத்தின் வெள்ளை இடத்தில் யாரோ ஓர் அம்மா பால் கணக்குக் கூட்டியிருக்கிறார். ஒரு தேதி விட்டுப்போய், பக்கத்தில் இடுக்கி எழுதியிருக்கிறார். சென்னையில் அச்சான இதழை மலாயாவின் இதழாக்குவது இந்த மூன்றும்தான். சென்னை நூலகங்களில் இதே வாரத்துக் கல்கி இருக்கலாம். இந்தப் பால் கணக்கு அங்கே இருக்காது.

மகளின் ஆசையும் நியாயமானதுதான். அதற்கு வழி இருக்கிறது. அட்டையை ஸ்கேன் செய்து, நல்ல தாளில் அச்செடுத்து, அதைச் சட்டம் போடுங்கள். முதுகு விரியாத இதழை ஸ்கேனரில் கவிழ்த்து அமுக்க வேண்டாம். ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் கைப்பேசியால் நேராகப் படம் எடுத்தாலே போதும். அசலைச் சுவரில் மாட்டினால் நம் ஊர் வெயிலுக்குச் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுக்கும். சில வருடத்தில் நீலம் மட்டும் மிஞ்சும்.

எங்களிடம் உள்ள சில இதழ்களில் முதல் பக்கம் கிழிந்துவிட்டது, தேதி இல்லை. எந்த வருடத்து இதழ் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், செந்தூல்

எனக்கு மிகப் பிடித்த கேள்வி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் விலையைப் பாருங்கள். இந்தியாவில் 1957 ஏப்ரல் 1 அன்று தசம நாணயம் வந்தது. அணாக் கணக்கு மட்டும் இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தியது. நயா பைசா என்று இருந்தால் அதற்குப் பிந்தியது. 1964 ஜூனில் 'நயா' என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். ஆக, நயா பைசா என்று அச்சடித்திருந்தால் ஏழு வருட இடைவெளிக்குள் வந்துவிட்டீர்கள்.

அப்புறம் முகவரி. இந்தியாவில் ஆறு இலக்க அஞ்சல் எண் 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. 'சென்னை-2' என்று நின்றுவிட்டால் பெரும்பாலும் பழசு. 'சென்னை-600 002' என்று இருந்தால் 1972க்குப் பிந்தியது என்பது உறுதி. நம் ஊர்க் கடை முத்திரையில் 'மலாயா' என்று இருக்கிறதா, 'மலேசியா' என்று இருக்கிறதா பாருங்கள். மலேசியா உருவானது 1963 செப்டம்பர் 16. ஆனால் முத்திரையை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள். ரப்பர் தேய்ந்துபோகும் வரை பழைய முத்திரையையே குத்துகிற கடைக்காரர்கள் உண்டு. விலையும் முகவரியும் ஒத்துப்போனால்தான் முத்திரைச் சாட்சியை எடுத்துக்கொள்ள வேண்டும்.

தீபாவளி மலர் என்றால் வேலை இன்னும் சுலபம். பல மலர்களில் தமிழ் வருடத்தின் பெயர் இருக்கும். ஹேவிளம்பி என்றால் 1957 தீபாவளி. விளம்பி 58, விகாரி 59, சார்வரி 60, பிலவ 61, சுபகிருது 62, சோபகிருது 63, குரோதி 64. அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வருமே என்று நீங்கள் கேட்கலாம். வரும். ஆனால் 1959 விகாரியையும் 2019 விகாரியையும் தாளைத் தொட்டுப் பார்த்தாலே பிரித்துவிடலாம். ஈய எழுத்தில் அச்சான பக்கத்தின் பின்புறத்தை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். எழுத்து அமுங்கிய மேடு மெல்லத் தட்டுப்படும். பிற்காலத்து ஆஃப்செட் அச்சில் அந்த மேடு இருக்காது.

இன்னொன்று. கல்கி இதழ் தொடங்கியது 1941 ஆகஸ்ட் 1. ஜப்பானியர் மலாயாவின் கோத்தா பாருவில் இறங்கியது அதே வருடம் டிசம்பர் 8. ஆக, சண்டை வந்து கப்பல் நிற்பதற்கு முன் நான்கு மாதத்துக் கல்கி மட்டுமே இந்தக் கரைக்கு வந்திருக்க முடியும். 1942 முதல் 1945 நடுப்பகுதி வரையிலான சென்னை இதழ் ஒன்று மலேசிய வீட்டில் கிடைத்தால், பிற்பாடு யாரோ ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது என்றே நான் எடுத்துக்கொள்வேன். அந்த நான்கு மாதத்தில் ஏதாவது ஓர் இதழ் உங்கள் கையில் இருந்தால் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். பார்க்கக் காத்திருக்கிறேன்.

நான் வடிவமைப்புப் படிக்கிற மாணவி. பழைய அட்டைகளில் மூலையில் உள்ள கையெழுத்துகள் புரியவில்லை. யாரிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?
– வாசகி, சுங்கை டுவா

மாலியிலிருந்து தொடங்குங்கள், மகளே. இயற்பெயர் டி.ஆர். மகாலிங்கம். முப்பதுகளின் விகடனுக்கு முகம் கொடுத்தவர். நாலு கோட்டில் ஓர் ஆளின் சுபாவத்தைக் கொண்டுவந்துவிடுவார். அவர் வளர்த்துவிட்டவர்கள்தான் கோபுலுவும் சில்பியும்.

சில்பி கோயில் கோயிலாகப் போய், சிற்பத்துக்கு எதிரே உட்கார்ந்து வரைந்தவர். 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்ற தலைப்பில் விகடனில் வந்த அந்தப் படங்களில், கல்லின் மொரமொரப்பும் எண்ணெய் ஏறிய கறுப்பும்கூடத் தெரியும். கோபுலு தஞ்சாவூர்க்காரர். 1924இல் பிறந்து 2015இல் மறைந்தார். ஒரு வார்த்தையும் இல்லாமல் சிரிக்க வைக்கிற படங்கள் போட்டார். அவர் வரைந்த கூட்டக் காட்சி கிடைத்தால் நடுவில் இருப்பவரைப் பார்க்காதீர்கள். ஓரத்தில் நிற்கும் ஆட்களைப் பாருங்கள். மூக்குப்பொடி டப்பியைத் திறக்கிறவர், மடியில் தூங்கும் பிள்ளை, செருப்பைத் தேடுகிறவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை கொடுத்திருப்பார். பழைய விகடன் அட்டையில் ஜோக் வருமே, அதையெல்லாம் இந்தக் கண்ணோடு பாருங்கள்.

கல்கி பக்கம் போனால் மணியம். பொன்னியின் செல்வனின் வந்தியத்தேவனையும் நந்தினியையும் நாம் மனத்தில் எப்படி வைத்திருக்கிறோமோ, அது அவர் போட்ட முகம். 1968இல், நாற்பத்தைந்து வயதைத் தொடுவதற்குள் போய்விட்டார். இன்னும் இருபது வருடம் வரைந்திருந்தால் என்று நினைக்காமல் என்னால் அந்தப் படங்களைப் பார்க்க முடிவதில்லை. மகன் மணியம் செல்வனும் ஓவியர்.

அம்புலிமாமாவை விட்டுவிடாதீர்கள். 1947 ஜூலையில் தொடங்கியது. வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு விக்கிரமன் நடக்கிற அந்தப் படம் சங்கர் வரைந்தது. 2020 வரை வாழ்ந்தார். அட்டைகளில் எம்.டி.வி. ஆச்சார்யா, வ.பா. என்று கையெழுத்திட்ட வட்டாதி பாப்பையா இருவரையும் தேடிப் பிடியுங்கள். வ.பா.வின் நிறங்களைப் படிப்பதற்கு ஒரு பருவம் முழுவதும் ஒதுக்கலாம். மூன்று நிற பிளாக்கை, அதாவது படம் பொறித்த அச்சுத் தகட்டை, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடித்துக் கொண்டுவந்த நிறம் அது. ஒரு பிளாக் மயிரிழை நகர்ந்தால் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போய்விடும். ஓவியருக்குக் கொடுக்கிற மரியாதையில் பாதியை அந்த அச்சகத் தொழிலாளிக்கும் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

2017 நவம்பர் வெள்ளத்தில் நனைந்த தீபாவளி மலர் காய்ந்தபின் ஒரே கட்டியாகிவிட்டது. பிரிக்க முடியுமா?
– வாசகர், ஜார்ஜ்டவுன்

வழவழத் தாள் ஈரத்தோடு ஒட்டிக் காய்ந்துவிட்டால் பிரிப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். கத்தி போட்டு நெம்பினால் படம் உரிந்து அடுத்த பக்கத்தோடு போய்விடும். அட்டை நன்றாக இருந்தால் அதைப் படம் எடுத்துவிட்டு, கட்டியை அப்படியே விட்டுவிடுங்கள். இனிமேல் வெள்ளம் வந்தால், நனைந்ததைக் காயவிடாமல் உடனே நெகிழிப் பையில் போட்டு உறைபெட்டியில் வையுங்கள். பிறகு நிதானமாக ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

வீடு பிரிக்பீல்ட்ஸில், அடுக்குமாடி. இதழ்களில் பூச்சி ஓட்டை போடுகிறது, பூசணமும் பிடிக்கிறது. ரசகற்பூர உருண்டை போட்டு வைத்திருக்கிறேன். சரிதானா?
– வாசகி, கோலாலம்பூர்

உருண்டையை எடுத்துவிடுங்கள். அந்த நெடி பூச்சியைவிட உங்களுக்குத்தான் கெடுதல், தாளிலும் ஏறிக்கொள்ளும்.

நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுக்க எண்பது விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. அறுபத்தைந்தைத் தாண்டினாலே பூசணத்துக்குக் கொண்டாட்டம். ஐம்பதை ஒட்டி வைத்தால் தாள் நிம்மதியாக இருக்கும். நாற்பதுக்குக் கீழே இறக்கினால் பழைய தாள் முறுமுறுத்து ஒடியும். கேமரா வைக்கிற டிரை கேபினெட் ஒன்று வாங்க முடிந்தால் அதைவிட நல்லது இல்லை. முடியாவிட்டால், இறுக மூடும் பெரிய டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு, நிறம் மாறும்போதெல்லாம் சூடுபடுத்தித் திரும்பப் போடுங்கள். பத்து வெள்ளிக்குள் (ரிங்கிட்) ஓர் ஈரமானி கிடைக்கிறது, டப்பாவுக்குள் வையுங்கள். கண்ணால் பார்த்தால்தான் நம்பிக்கை வரும்.

துளை போடுவது புத்தகப் புழு. மேலே சுரண்டித் தின்பது வெள்ளியாய் மின்னி ஓடுமே, அந்தப் பூச்சி. அதற்குக் கஞ்சிப் பசை என்றால் உயிர். பழைய கட்டுகளில் முதுகுப் பக்கம் முதலில் போவது அதனால்தான். மருந்து அடிக்கத் தேவையில்லை. இதழை நெகிழிப் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, இறுகக் கட்டி, உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த உடனே பையைத் திறக்காதீர்கள். ஒரு நாள் அப்படியே விட்டு, குளிர் முழுக்கத் தணிந்தபின் திறங்கள். இல்லாவிட்டால் தாள்மேல் வேர்த்துவிடும். பூசணம் பிடித்ததை மட்டும் வீட்டுக்குள் தட்டாதீர்கள். நன்றாகக் காய்ந்தபின், வெளியே காற்றோட்டத்தில், முகக்கவசம் போட்டுக்கொண்டு மெல்லிய தூரிகையால் நீக்குங்கள்.

தாள் பழுப்பேறுவது வேறு விஷயம், அதற்குப் பூச்சி காரணமில்லை. செய்தித்தாள் வகைத் தாள் மரத்தை அப்படியே அரைத்துச் செய்தது. மரத்தில் உள்ள லிக்னின் அதிலேயே தங்கிவிடுகிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் அது பழுத்து, அமிலம் கூடி, தாள் ஒடிகிறது. நிறுத்த முடியாது, தாமதப்படுத்தலாம். இருட்டில் வையுங்கள். துருப்பிடித்த கம்பிப் பின்னை இழுக்காமல், கால்களை நிமிர்த்தி எடுத்துவிட்டு வெள்ளைப் பருத்தி நூலால் தைத்துக்கொள்ளுங்கள். உறை போடுவதாக இருந்தால் பாலியெஸ்டர் அல்லது பாலிபுரோப்பிலின் வாங்குங்கள். பி.வி.சி. உறை நாளாவட்டத்தில் பிசுபிசுத்து மையையே ஒட்டிக்கொள்ளும். செல்லோடேப் கூடவே கூடாது. லேமினேட் செய்வதும் வேண்டாம். ஒருமுறை செய்துவிட்டால் பிரிக்க வழியில்லை.

பழைய விகடன் அட்டை என்று சட்டம் போட்டு 250 வெள்ளி கேட்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், பெட்டாலிங் ஜெயா

ஒரு கைப்பூதக்கண்ணாடி எடுத்துப் போங்கள். பழைய பிளாக் அச்சில் நிறப் புள்ளிகள் வரிசையாக இருக்கும், ஒவ்வொரு புள்ளியின் விளிம்பிலும் மை கொஞ்சம் ஒதுங்கி அடர்த்தியாகத் தெரியும். வீட்டுப் பிரிண்டரில் எடுத்ததென்றால் பொடித்தூவலாக, ஒழுங்கில்லாமல் சிதறியிருக்கும். சட்டத்தைக் கழற்றிப் பின்பக்கம் காட்டச் சொல்லுங்கள். அசல் அட்டைக்குப் பின்னால் ஏதாவது விளம்பரமோ எழுத்தோ கட்டாயம் இருக்கும். காட்ட மறுத்தால் நடையைக் கட்டுங்கள்.

அசலாகவே இருந்தாலும் நான் வாங்க மாட்டேன். உள்ளிருந்த இதழைக் கிழித்துவிட்டு எடுத்த அட்டைக்குக் காசு கொடுத்தால், அவர் அடுத்த இதழையும் கிழிப்பார்.

எனக்கு இருபத்திரண்டு வயது. மாதம் ஐம்பது வெள்ளிதான் ஒதுக்க முடியும். எங்கே தேடலாம், எதை வாங்கலாம்?
– வாசகர், ஆயர் ஈத்தாம்

எங்கே என்பதைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊரிலேயே லோரோங் கூலிட் காலைச் சந்தை இருக்கிறது. விடிந்ததும் போனால்தான் நல்லது கிடைக்கும். சௌராஸ்தா சந்தை மாடியில் பழைய புத்தகக் கடைகள். கோலாலம்பூர் பக்கம் போனால் வார இறுதியில் பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலில் பழம்பொருள் கடை விரிப்பார்கள், தாமான் ஜெயா ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே. தமிழ் இதழ் மேலே தெரியும்படி எங்கேயும் இருக்காது. மலாய், சீனப் புத்தக அடுக்குக்கு அடியில்தான் கிடக்கும். கேட்டு வாங்குங்கள். 'தமிழ் இருந்தால் எடுத்து வையுங்கள்' என்று சொல்லி வைத்துவிட்டு, அடுத்த முறை கட்டாயம் போங்கள். போகாவிட்டால் அவர்கள் மறுபடி எடுத்து வைக்க மாட்டார்கள். வீட்டைக் காலி செய்கிறவர்களிடமும், பழைய பேப்பர் எடுப்பவர்களிடமும் சொல்லி வையுங்கள். அங்கேதான் பெட்டி பெட்டியாக வரும்.

எதை என்பதுதான் முக்கியம், தம்பி. ஐம்பது வெள்ளியை வைத்துக்கொண்டு சென்னை இதழ்களின் பின்னால் ஓட வேண்டாம். அங்கே அவற்றுக்கு ஆள் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் ஒரே மனிதராகச் சேர்த்து வைத்ததைக் கொண்டு சென்னையில் ஒரு பெரிய ஆராய்ச்சி நூலகமே 1994 முதல் நடக்கிறது. பழைய இதழ்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகமும் மின்னுருவாக்கி வைத்திருக்கிறது. விகடனோ கல்கியோ ஓர் இதழ் உங்கள் கைக்குக் கிடைக்காமல் போனால் அது அழிந்துபோகாது.

நம் ஊரில் அச்சானதற்கு அந்தக் காவல் கிடையாது. தமிழ் நேசன் நாளிதழ் 1924 முதல் 2019 வரை வந்தது. அது போட்ட தீபாவளி, பொங்கல் மலர்களின் அட்டைகளை முழு வரிசையாக நான் எந்த வீட்டிலும் பார்த்ததில்லை. எழுபதுகளின் பிற்பகுதியில் ஆதி குமணன் நடத்திய வானம்பாடி, இந்த நாட்டில் புதுக்கவிதையை வளர்த்த வார இதழ். அப்புறம் மயில், தென்றல், நயனம். இவற்றில் நம் ஓவியர்கள் வரைந்தார்கள். ரப்பர் மரத்துக்கு நடுவே நிற்கிற பெண், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலில் கோலம், தைப்பூசக் காவடி என்று நம் வாழ்க்கையைக் கோட்டில் போட்டார்கள். ஒரே ஓர் இதழில் மட்டும் பார்த்த கையெழுத்துகள் சில என் நோட்டில் இருக்கின்றன. அவர்கள் யார், எந்தத் தோட்டம், எங்கே படம் கற்றார்கள் என்று சொல்லக்கூடியவர்களுக்கு இப்போது வயதாகிக்கொண்டிருக்கிறது.

அந்த இதழ்கள் சந்தையில் இரண்டு வெள்ளிக்கும் மூன்று வெள்ளிக்கும் கிடைக்கின்றன. கிழிந்திருந்தாலும் வாங்குங்கள். கே.டி.என். (உள்துறை அமைச்சின் சுருக்கம்) என்று தொடங்கும் அனுமதி எண் உள்ளே இருந்தால் பெரும்பாலும் இங்கே அச்சானது என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு நோட்டுப் போட்டு இதழின் பெயர், மாதம், அட்டையில் உள்ள கையெழுத்து, எங்கே யாரிடம் வாங்கினீர்கள் என்று எழுதி வையுங்கள். ஒரே இதழ் இரண்டு கிடைத்தால் ஒன்றை மலாயாப் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுங்கள். இந்திய ஆய்வியல் துறை அங்கே இருப்பதால் தமிழ் படிக்கிற பிள்ளைகள் கைக்குப் போகும். வானம்பாடியின் ஆரம்ப இதழ்கள் கிடைத்தால் மட்டும் எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். என்னிடம் உள்ள வரிசையில் நிறைய இடைவெளி இருக்கிறது. உங்களிடம் இருப்பதை நான் கேட்க மாட்டேன், அட்டையைப் படம் எடுத்து அனுப்பினால் போதும்.